எல்லார் திரையிலும் மெஷினக்கா

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு மெஷினக்கா என்று பெயர். திரையின் ஒரு பாதியில் ஆஸ்பத்திரி பில் தெரியும். அதைப் பார்த்து மறுபாதியில் உள்ள கட்டங்களில் தட்ட வேண்டும். மற்றவர்கள் ஒரு பில்லை முடித்துச் சோம்பல் முறிப்பதற்குள் அவள் அடுத்ததில் பாதி தாண்டியிருப்பாள். தலை நிமிர மாட்டாள். நான் டீயை வைத்தால் கை மட்டும் நீண்டு வந்து டம்ளரைத் தேடும். அது தேடும் விதத்தைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அவளுக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்டுச் சரிசெய்கிற மங்கல் இல்லை. டாக்டர் கைவிரித்துவிட்டார்.

அலுவலகத்தில் இது தெரிந்த இன்னொருவர் எங்கள் சர்வர்காரர். மெஷினக்காவின் தங்கை புருஷன். முதுகுக்குப் பின்னால் அவரை எல்லாரும் பூட்டு என்பார்கள்.

காரணம் உண்டு. அங்கே யாருக்கும் தனிக் கம்ப்யூட்டர் கிடையாது. மேசையில் திரையும் கீபோர்டும் மட்டும். அத்தனை பேரும் வேலை செய்வது குளிர் அறையில் இருக்கும் சர்வர்களில். அவற்றில் பூட்டு அனுமதிக்காமல் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. அதோடு வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மாஸ்டர் காப்பி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதிலிருந்து புதிதாக ஏற்றுவார்கள். இடையில் கையால் போட்டது எதுவும் திங்கட்கிழமை இருக்காது.

மெஷினக்காவுக்குத் தேவைப்பட்டது பிரவுசரில் போடும் ஒரு சின்ன பிளகின். அது எழுத்தைப் பெரிதாக்கும், பின்புறத்தைக் கறுப்பாக்கி எழுத்தை மஞ்சளாகக் காட்டும். அவள் பெயருக்கு மட்டும் நிரந்தரமாகப் போட வழி இருந்தது. ஆனால் அதற்குக் காரணம் சொல்லி மேனேஜரின் சம்மதம் வாங்க வேண்டும். முன்பு ஒருத்தி மணிக்கட்டு வீங்கிவிட்டது, வேலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்டாள். "இது ஆஸ்பத்திரி இல்லம்மா, ஆஸ்பத்திரி பில்லு போடற இடம்" என்று சொல்லி மேனேஜர் அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். அதனால் மெஷினக்கா வாயைத் திறக்கவில்லை. தாய் தகப்பன் போன பிறகு தங்கையைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவள் அவள். தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளாமல் இப்போது அந்தத் தங்கை வீட்டின் பின்னறையில் இருந்தாள். சம்பளம் வருகிறவரை அங்கே அவளுக்கு அக்கா என்கிற மரியாதை. அது நின்றுபோனால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே திங்கட்கிழமை தவறாமல் குளிர் அறை வாசலில் போய் நிற்பாள்.

"மாப்பிள்ளை, அதைக் கொஞ்சம்..."

"எதை அண்ணி?" என்பார், பக்கத்து வரிசைக்குக் கேட்கிற மாதிரி.

"அதான், போன வாரம் போட்டீங்களே."

"வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்? நான் என்ன ஜோசியக்காரனா?"

அவள் சுற்றுமுற்றும் பார்ப்பாள். பார்த்தும் பயனில்லை, யார் கவனிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "நேத்து துணி மடிக்கலைன்னு உங்க தங்கச்சி முகத்தத் தூக்கி வச்சிருந்தா. வீட்டுல வேல ஒழுங்கா நடந்தா இங்கயும் நடக்கும்" என்பார். பிறகு போட்டுக் கொடுப்பார். சில திங்கட்கிழமை மதியம்வரை இழுத்தடிப்பார். அன்று அவள் தலைவலி என்று சொல்லிக் கழிவறைக்கும் மேசைக்குமாக நடந்து பொழுதை ஓட்டுவாள்.

ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இனிமேல் சர்வரில் யார் கையால் எதைப் போட்டாலும் அங்கே தெரிந்துவிடுமாம். பூட்டுக்கே பயம் வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை அவரே மெஷினக்காவின் மேசைக்கு வந்தார்.

"அண்ணி, உங்க கணக்குல இருந்ததையே எடுத்து மாஸ்டர் காப்பில வச்சுட்டேன். எல்லாருக்கும் போகும், ஆனா தூங்கிட்டு இருக்கும். நீங்க பட்டன அமுக்குனா உங்களுக்கு மட்டும் முழிக்கும். இனிமே என் உயிர வாங்காதீங்க."

"நீங்க நல்லா இருக்கணும் மாப்பிள்ளை" என்றாள். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிரவுசரைத் திறந்ததும் ஒரே கூச்சல். திரை முழுக்கக் கறுப்பு. அதில் மஞ்சள் எழுத்து, ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். பில்லில் இரண்டு மூன்று வரிக்கு மேல் தெரியவில்லை. பட்டன் எங்கே என்று தேட அதில் இடமே இல்லை.

"ஐயோ, எனக்கு என்னடி ஆச்சு?"

"உனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்தான். எந்தக் குருடிக்காகடி இதப் போட்டாங்க?"

பெரிய சிரிப்பு. பூட்டு குளிர் அறையிலிருந்து ஓடிவந்தார். பிளகினை மட்டும் எடுக்க வேண்டியவர், மெஷினக்கா அதில் வைத்திருந்த அளவையும் நிறத்தையும் சேர்த்து எடுத்திருக்கிறார். அவளுக்கு அது எப்போதும் விழித்தே இருந்தது. எல்லாருக்கும் அப்படியே விழித்துக்கொண்டது.

மேனேஜர் வெளியே வந்தார். வரிசை வரிசையாகக் கைகள் சும்மா கிடந்தன. கடைசி மூலையில் மட்டும் கீபோர்டு சடசடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனை கூச்சலிலும் அவள் தலையைத் தூக்கவில்லை. கேட்காமலே திரை சரியாக வந்துவிட்ட திங்கட்கிழமை அது. விட்டதையெல்லாம் பிடிக்கிற வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். மேனேஜர் அவள் பின்னால் போய் நின்றார்.

"உங்களுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையா?"

"இல்ல சார். எனக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு."

ஒவ்வொரு வரிசையாகச் சிரிப்பு அடங்கியது. மேனேஜர் பூட்டைத் திரும்பிப் பார்த்தார். பூட்டு ஒரு மூச்சுக்கூடத் தாமதிக்கவில்லை.

"அண்ணிக்குக் கண்ணு சரியில்ல சார். சொந்தக்காரங்களாச்சே, பாவம்னு..."

"இப்பவே எடு."

அவர் எடுத்தார். எல்லாத் திரையும் பழையபடி வெளுத்தது. மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. "முதல் வரியப் படிங்கம்மா" என்றார்.

அவள் குனிந்தாள். இன்னும் குனிந்தாள். மூக்கு திரையில் பட்டு அங்கே மூச்சு ஆவியாகப் படிந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் மனதிலிருந்து ஒரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். தவறான பெயர்.

"போதும்" என்றார் மேனேஜர். பையை எடுத்துக்கொண்டு அவள் போகும்போது நாற்காலி தடுக்கியது. அதை நகர்த்திவிட ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில வாரங்களில், வயதான இரண்டு மூன்று பேர் அந்தப் பெரிய எழுத்து கண்ணுக்கு இதமாக இருந்தது என்று கேட்க, வேண்டியவர் மட்டும் அமுக்கிக்கொள்ளும்படி முறையாகப் போட்டுக் கொடுத்தார். முதலில் அமுக்கியவர் மேனேஜர். பூட்டைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார்.

மெஷினக்காவின் மேசையில் ஒரு கம்பளிச் சால்வை கிடந்தது. அதைக் கொடுக்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தங்கை வாசலிலேயே வாங்கிக்கொண்டாள்.

"அக்கா இல்லையா?"

"எங்க போயிடப் போறா? வேலைக்காரிய நிறுத்திட்டோம், பின்னாடி பாத்திரம் தேய்ச்சிட்டு இருக்கா." பிறகு உள்ளே திரும்பி, "இந்தக் குக்கர்ல அடிப்பிடிச்சது அப்படியே இருக்கு. சோத்துக்கு உக்காரும்போது மட்டும் தட்டு எங்க இருக்குன்னு நல்லா தெரியுது" என்று கத்தினாள்.

கூடத்தில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த பூட்டு, "பெருசாக்கிக் காட்டு, தெரியும்" என்றார். தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பின்கட்டில் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.