நுளம்பு வைத்தியம்

நேற்று ஒரு செய்திக்கு வாசிக்காமலே லைக் போட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதிலிருந்த நுளம்பின் படமே போதுமாக இருந்தது.

இன்று முள்ளியவளையில் தவம் அண்ணையின் கடைக்குப் போனால், மனுசன் சட்டையைக் கழற்றி, ஃபேனையும் நிறுத்திவிட்டு நுளம்புகளுக்கு உடம்பைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறார்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற வருத்தம் அவருக்கு. விரல்கள் வீங்கிக் கிடந்தன.

"இண்டைக்கு கிளினிக் எல்லோ அண்ணை?"

"இனி என்னத்துக்கு? நுளம்பின்ர எச்சிலில வீக்கத்துக்கு மருந்து இருக்காம். நீயும் லைக் போட்டிருந்தாய், பார்த்தனான். கிளினிக்கில தந்த குளிசையையும் விட்டிட்டன்."

அவருடைய போனை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தேன். எச்சிலில் உள்ள ஏதோ ஒன்றைப் பிரித்தெடுத்தால் ஒருநாள் மருந்தாகலாம் என்று ஆராய்கிறார்களாம். கடிபடச் சொல்லி ஒரு வரியும் இல்லை.

"அண்ணை, கடிச்சு வருத்தம் மாறுமெண்டால், சண்டைக்க இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலுக்க கிடந்து நாங்கள் வாங்கின கடிக்கு வன்னியில ஒரு ஆஸ்பத்திரியும் தேவையில்லை. உங்களுக்கு இந்த வருத்தம் வந்தே இருக்காது!"

அவர் எழும்பி ஃபேனைப் போட்டார்.

"ஓம், அப்ப கொஞ்சநஞ்சக் கடியே கடிச்சது?" என்று சொல்லிச் சட்டையை எடுத்துப் போட்டார்.

கொஞ்சத்தால் கிளினிக்குக்குப் போகிற பஸ்சின் ஹோர்ன் கேட்டது. நான் அதற்குள் கடையின் பின்பக்கம் போய், வாங்க வந்த வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னை மறந்து கடையை வெளியால் பூட்டிவிட்டு ஓடிப்போய் ஏறிவிட்டார்.

அவருடைய போன் இங்கே மேசையில் இருக்கிறது. இதை வாசிக்கிற யாராவது முல்லைத்தீவு பஸ்சில் இருந்தால், நான் கடைக்குள்ளே இருக்கிறேன் என்று அவரிடம் சொல்லுங்கோ.

வெங்காயம் பொறுக்கி முடித்துவிட்டேன்.