ஏற்றத்தில் யாரோ பிடித்து இழுத்தார்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு டிசம்பர் மாதம் நடந்தது இது. கலிஃபோர்னியாவில் ட்ரேசி என்ற ஊரில் இருந்தோம். ஆறு வருடம் வீட்டிலேயே அடைந்து கிடந்த பிறகு எனக்கு லிவர்மோரில் ஒரு சின்ன மருந்துக் கம்பெனியின் லேபில் வேலை கிடைத்தது. இரண்டு ஊருக்கும் நடுவே காற்றாலைகள் நிற்கும் மொட்டைக் குன்றுகள். ஃப்ரீவேயில் பெரிய டிரக்குகளைக் கண்டால் எனக்குப் பயம். அதனால் குன்றுகளுக்குள் வளைந்து வளைந்து போகும் பழைய சாலையில் போய்வரலாம் என்று முடிவு செய்தேன்.

மலைச்சாலை எனக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டு வருடம் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு தினமும் பழைய மாருதியை ஓட்டிக்கொண்டு போய்க் கல்லூரியில் பாடம் எடுத்தவள் நான். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் ஹாஃப் கிளட்சில் வண்டியை அப்படியே நிறுத்திவைத்துக்கொண்டு, கண்டக்டரிடம் நியாயம் பேசுவேன். அமெரிக்கா வந்த பிறகு என் கணவர்தான் ஓட்டினார். நான் லைசன்ஸ் எடுத்தது, காய்கறி வாங்கப் போனது எல்லாம் தட்டையான தெருக்களில்.

வேலை கிடைத்ததும் இன்னொரு வண்டி தேவைப்பட்டது. லிவர்மோர் கோயிலில் பழக்கமான ஓர் அங்கிள் தன் மனைவியின் காரை விற்கப்போவதாகத் தெரிந்தது. எழுபது வயதிருக்கும் அவருக்கு. திருச்சிப் பக்கம். அந்த ஆன்ட்டி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பதினேழு வருடத்துப் பழைய ஜப்பான் கார். ஆனால் ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் ஃபைல் போட்டு வைத்திருந்தார்.

"இஞ்சின், ட்ரான்ஸ்மிஷன் ரெண்டும் பக்காம்மா. அவ ஓட்டின வண்டி. நம்பி எடுத்துக்கோ" என்றார்.

நம்பித்தான் எடுத்தேன். முதல் வாரம் குன்று ஏறும்போதே அந்த நம்பிக்கை போய்விட்டது.

டிசம்பரில் அந்தப் பக்கம் காலை நேரத்தில் மூடுபனி இறங்கும். நம் ஊர் மார்கழிப் பனி மாதிரி அழகாக இருக்காது. வெள்ளைத் துணியை முகத்தில் போட்டு மூடியது போல இருக்கும். காற்றாலைகளின் கம்பம் மட்டும் தெரியும், மேலே சுற்றுவது தெரியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் இறக்கை காற்றை அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். காலை ஆறரை மணிக்கு அந்தச் சாலையில் பெரும்பாலும் நான் மட்டும்தான்.

சாலை ஒரு ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து வெளியே வந்ததும் ஏற்றம் ஆரம்பிக்கும். அங்கே வந்ததும் இஞ்சின் உறுமும், ஆனால் வண்டி போகாது. யாரோ பின்னாலிருந்து இரண்டு கையாலும் பம்பரைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த உறுமல் கூடும், வேகம் குறையும். கீழே எங்கோ கருகும் வாடை வரும். உச்சியைத் தொட்டதும் பிடித்திருந்த கை விட்டுவிட்டது போல வண்டி முன்னால் துள்ளும். அதற்கப்புறம் லிவர்மோர் வரை ஒரு குறையும் இருக்காது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த ஏற்றத்தில் மட்டும், பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பனி சிவப்பாகத் தெரியும். காற்றாலைகளின் மேலே எரியும் சிவப்பு விளக்குதான் அப்படித் தெரிகிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன். அந்தச் சிவப்புக்குள்ளிருந்து ஒற்றைக் கண் ஒன்று மஞ்சளாக எட்டிப்பார்க்கும். ஒரு ஹெட்லைட் மட்டும் எரியும் ஏதோ ஒரு வண்டி. வேகமாகவும் வராது, முந்தவும் செய்யாது. உச்சி வரை என் கூடவே வரும். உச்சியில் திரும்பிப் பார்த்தால் இருக்காது. அங்கே வேறு சாலை எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியாது.

என் கணவரிடம் சொன்னேன். சனிக்கிழமை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே ஏற்றத்தில் ஓட்டினார். வண்டி வெண்ணெய் போல ஏறியது.

"நல்லாத்தான போகுது? உன்னையத்தான் அதுக்குப் பிடிக்கல போலிருக்குது" என்று சிரித்தார். பின் சீட்டிலிருந்த என் ஏழு வயது மகளும் சேர்ந்துகொண்டு, "மே பீ தேர் இஸ் சம்படி இன் த கார், அம்மா" என்றாள். இருவரையும் முறைத்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். ட்ரான்ஸ்மிஷன் ஆயிலை எடுத்து வெள்ளைத் துணியில் தொட்டுக் காட்டினார். நல்ல சிவப்பு நிறம், கருகிய வாடை இல்லை. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார், ஒரு கோளாறும் காட்டவில்லை. ஓட்டியும் பார்த்தார். கியர்பாக்ஸ் இன்னும் பத்து வருடம் ஓடும், பிரேக் கட்டைகள் மட்டும் ஏனோ சீக்கிரம் தேய்ந்திருக்கின்றன, மாற்றிவிடுகிறேன் என்றார். பிரேக்கைப் பற்றி யார் கேட்டார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆக, யார் ஓட்டினாலும் ஒழுங்காகப் போகும் வண்டி, நான் தனியாகப் போனால் மட்டும் ஏற்றத்தில் தயங்குகிறது. இதற்கு என்ன அர்த்தம்? நான் அறிவியல் படித்தவள், பாடம் எடுத்தவள். ஆனாலும் அந்தப் பனிக்குள் ஹீட்டரைப் போட்டதும் சீட்டிலிருந்து யாருடைய தலை எண்ணெய் வாசனையோ மெல்லக் கிளம்பும்போது, படித்ததெல்லாம் துணைக்கு வரவில்லை. ஒருநாள் சீட் பெல்ட்டைத் தேடிக் கையை விட்டபோது இடுக்கில் ஒரு ஹேர்பின் கிடைத்தது. அதை வெளியே எறியவும் பயம், வைத்திருக்கவும் பயம். திருப்பி அதே இடுக்கில் செருகிவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது தோழி ஒருத்தி புது வண்டி எப்படி என்று கேட்டாள். என் வாய் சும்மா இருக்காது. முழுக் கதையையும் சொல்லிவிட்டு, "அந்த ஆன்ட்டி இன்னும் வண்டிய விட்டு எறங்கலையாட்ட இருக்குது. ஏத்தத்துல புடிச்சு இழுக்கறாங்க" என்றேன். பாதி விளையாட்டு, பாதி நிஜம். வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் அதே கதை எனக்கே திரும்பி வந்தது, கையும் காலும் முளைத்து. மனைவியின் ஆவி இருக்கும் வண்டி என்று தெரிந்தே அந்த அங்கிள் என் தலையில் கட்டிவிட்டாராம். ட்ரான்ஸ்மிஷன் போன வண்டி என்று இன்னொருவர் சொன்னாராம். நான் மறுத்துப் பேசவில்லை. உள்ளுக்குள் எனக்கும் அவர் மேல் கோபம் இருந்தது. பக்கா என்று சொன்னாரே! வண்டி வழியில் நின்றால் என் வேலைதானே போகும்? ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த வேலை. அவரைத் தூரத்தில் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்தக் காலை வந்தது. அன்று பனி அதுவரை நான் பார்க்காத அளவுக்கு இருந்தது. வண்டியின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. ரயில் பாலத்தைத் தாண்டியதும் வழக்கம்போல இழுத்தது, ஆனால் முன்பைவிட மோசமாக. வேகம் இருபது, பதினைந்து, பத்து என்று இறங்கியது. கருகல் வாடை மூக்கைத் துளைத்தது. பின்னால் பனி ரத்தம் கலந்தது போலச் சிவந்து கிடந்தது. அதற்குள் அந்த ஒற்றைக் கண். இந்த முறை அது நெருங்கி நெருங்கி வந்தது. மினுக் மினுக்கென்று அணைந்து எரிந்தது. ஹாரன் நீளமாக அலறியது.

"ஆன்ட்டி, விட்டுடுங்க. நான் ஒண்ணும் தப்பா சொல்லல" என்று வாய்விட்டே சொன்னேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். பின்னால் அதுவும் நின்றது. கதவு திறந்து மூடும் சத்தம். பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் வந்து என் கண்ணாடியைத் தட்டியது.

ஆரஞ்சு நிற வேலைச் சட்டை போட்ட ஆள். அறுபதை நெருங்கிய வெள்ளைக்காரர். காற்றாலைகளைப் பழுது பார்ப்பவராம். கண்ணாடியை இரண்டு விரல் இடைவெளிக்கு இறக்கினேன். அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் புரியவில்லை. ஏற்றம் முழுக்க ஏன் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஏறுகிறாய் என்றார்.

நான் மிதிக்கவே இல்லை என்றேன். மூன்று வாரமாகப் பார்க்கிறேன், பாலத்திலிருந்து உச்சி வரை உன் பிரேக் விளக்கு அணைவதே இல்லை என்றார். இந்தப் பனியில் பின்னால் வேகமாக வரும் எவனாவது உன் மேல் ஏற்றிவிடுவான் என்று பயந்து, தினமும் என் வண்டியின் பின்பக்க எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு உன் பின்னாலேயே காவலுக்கு வருகிறேன் என்றார். உச்சியில் காற்றாலைகளுக்குப் போகும் மண் பாதையில் அவர் திரும்பிவிடுவாராம். இன்று உன் வேகம் பத்துக்கு வந்ததும் நானே இடித்திருப்பேன், அதனால்தான் விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு ஹாரன் அடித்தேன் என்றார்.

என் ட்ரான்ஸ்மிஷன் கெட்டுப்போயிருக்கிறது என்று ஒப்பித்தேன். அவர் கதவைத் திறந்து வைத்து, பத்தடி மட்டும் மெதுவாக ஏற்றிக் காட்டு என்றார். கூடவே நடந்து வந்தார். இஞ்சின் உறுமியது, வண்டி பிடித்துக்கொண்டது. அவர் கீழே விரலை நீட்டினார்.

குனிந்து பார்த்தேன். வலது கால் ஆக்ஸிலேட்டரில் இருந்தது. இடது கால், தடித்த குளிர்கால பூட்ஸோடு, அகலமான பிரேக் பெடலின் ஓரத்தில் பாதி அழுத்தத்தில் உட்கார்ந்திருந்தது.

ஹாஃப் கிளட்ச்!

இது ஆட்டோமேட்டிக் வண்டி, இடது காலால் பாதி மிதித்துப் பிடிக்கக் கிளட்சே கிடையாது. ஆனால் ஏற்றம் வந்து இஞ்சின் சத்தம் மாறியதும், என் இடது கால் கோத்தகிரி ஏறிக்கொண்டிருந்தது. அவர் காட்டிய பிறகும் அந்தக் காலை எடுக்க எனக்கு ஒரு நொடி ஆனது. பேய் என்று நினைத்தபோதுகூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்க்கவில்லை. என் கால்தான் அது. ஆனால் அதை அங்கே வைத்தது நான் இல்லை. காலை இழுத்து சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டதும் வண்டி ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறியது. தன் வண்டியில் பின்னாலேயே உச்சிக்கு வந்து சேர்ந்த அந்த மனிதருக்கு நன்றி சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் தன் எரியாத ஹெட்லைட்டைக் காட்டி, உன் வண்டியைவிட என் வண்டிதான் மோசம் என்று சிரித்துக்கொண்டே போனார்.

உயிர் பிழைத்த நிம்மதி லேபுக்குப் போய்ச் சேரும் வரைதான் இருந்தது. அப்புறம் அந்த அங்கிளின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவர் விற்ற வண்டியில் ஒரு குறையும் இல்லை. என் காலில் இருந்த கோளாறைப் போன மனுஷி மேல் போட்டு, அவர் பெயரையும் கெடுத்து, கோயில் முழுக்கப் பரப்பியிருக்கிறேன். அந்த வெட்கத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சனிக்கிழமை பகலில் என் கணவரையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், "வாம்மா, வண்டி எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டார். உட்காரக்கூட இல்லை, எல்லாவற்றையும் கொட்டினேன். கோயிலில் அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான் என்றேன். கால் விஷயத்தைச் சொன்னபோது என் கணவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அங்கிள் சிரிக்கவில்லை.

"என்னைய மன்னிச்சிருங்க அங்கிள். அடுத்த வாரமே கோயில்ல எல்லார்கிட்டயும் நானே சொல்லிர்றேன்" என்றேன்.

"அதெல்லாம் பரவால்லம்மா. நீ சொன்னது என் காதுக்கும் வந்துச்சு. எனக்குக் கோவம் வரல" என்றார். பிறகு, சின்னப் பிள்ளை கேட்பது போல மெதுவாகக் கேட்டார்.

"அப்ப... அந்த வண்டில அவ இல்லையாம்மா?"

என் கணவர் தரையைப் பார்த்தார். நான் தலையை மட்டும் அசைத்தேன், அதுவும் ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியவில்லை. "சரிம்மா. வண்டி நல்லா இருக்குல்ல, அது போதும்" என்று எழுந்து காபி போடப் போனார்.

சொன்னபடியே கோயிலில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அதே வண்டியில்தான் இன்றும் வேலைக்குப் போகிறேன். ஆனால் அந்த ஏற்றம் வரும்போதெல்லாம், பேய் என்று நான் பயந்து நடுங்கிய ஒன்றை, தன் மனைவி இன்னும் எங்கோ இருக்கிறாள் என்று நம்பி ஒருவர் சந்தோஷமாக வைத்துக்கொண்டிருந்தார் என்பதும், மன்னிப்புக் கேட்கப்போன நான்தான் அதையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தேன் என்பதும் மனதை அறுத்துக்கொண்டே இருக்கின்றன.