துவக்குக் கண்காட்சி பற்றி என் 'கருத்து'

இன்று மத்தியானம் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், ஒரு தேத்தண்ணிக் கடையில் நானும் மனைவியும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்து மேசையில் ஒரு யூடியூப் தம்பி. அடுத்த கிழமை நடக்கும் ஆயுதக் கண்காட்சிக்கு என்னென்ன புதுத் துவக்குகள் வருகின்றன என்று, துவக்குப் பிரியர்களுக்கு லைவில் விளக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் வெடிச்சத்தத்தையும் போட்டுக் காட்டினார்.

மூன்றாவது வெடிக்கு மனைவி எழும்பி வெளியே போய்விட்டாள். வன்னியில் போரின் கடைசி மாதங்களைப் பதுங்குகுழியில் கழித்தவள் அவள்.

"தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ."

"ஓம் அண்ணை" என்றவர் குறைக்கவில்லை. கமராவை என் பக்கம் திருப்பினார்.

"அண்ணை ஊரிலை சண்டையெல்லாம் பாத்திருப்பார். சொல்லுங்கோ அண்ணை, இதிலை எது திறம்?"

"எனக்குத் துவக்கின்ரை பேர் ஒண்டும் தெரியாது. வெளியிலை நிக்கிற என்ரை மனுசிக்கு இந்தச் சத்தம் தெரியும். நிப்பாட்டுங்கோ."

லைவ் திரையில் இதயங்கள் பறந்தன. அவர் நிப்பாட்டவில்லை. நான் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனேன்.

"வீட்டை போவம்" என்றாள் மனைவி.

இப்போது பார்க்கிறேன், அந்த வீடியோவின் தலைப்பு: "போரைப் பார்த்த அண்ணையின் கருத்து". கீழே ஒருவர் கேட்கிறார்: "கடைசியிலை அண்ணை எந்தத் துவக்கை நல்லதெண்டு சொல்றார்?"

யாராவது அவருக்குப் பதில் போட்டுவிடுங்கள். நான் போட்டால் அதையும் வீடியோவாக்கிவிடுவார்கள்.