கிளைவின் கிளிப்

இல்லை, கிளைவின் கையில் இதுவரை ஒருவரும் சாகவில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் முப்பத்திரண்டு வருடமாகச் சலூன் வைத்திருக்கிறான். தலைமயிர் வெட்டுவது சுமார்தான். என் கல்யாணப் படத்தைப் பார்த்தாலே தெரியும். ஆட்கள் அவனிடம் போவது கழுத்தில் நெட்டி முறிக்க. முந்தி வெள்ளவத்தையில் ஒரு சலூனில் வேலை செய்த காலத்தில், முதலாளி பார்க்காத நேரம் பழகிக்கொண்டதாம். அவனுடைய கழுத்தை மட்டும் ஒருவரும் தொடக்கூடாது. பயந்தாங்கொள்ளி.

எனக்குப் பேத்தி பிறந்து பதினாறு நாள். என் ராசாத்தி. அவளையே குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்துப் பிடித்துவிட்டது. மகள் லவினா சட்டம் போட்டாள்.

"கழுத்துத் திரும்பாத ஆளிட்டப் பிள்ளையைத் தரேலாது. நேரா நடந்து கதவில கொண்டுபோய் இடிப்பீங்க."

ஐந்து நாள் தூரத்தில் நின்றுதான் பார்த்தேன். இன்று காலை பொறுக்கமுடியாமல் கிளைவிடம் போனேன்.

"தலை சுத்துதா? பிரஷர் இருக்கா?" என்று கேட்டான். அவனுடைய பழைய வாடிக்கைக்காரர் ஸமீம் நானாவுக்குப் போன வருடம் சலூன் கதிரையில் இருந்தபடியே தலை சுற்றியதிலிருந்து எல்லாரிடமும் கேட்கிறான்.

"ஒண்டுமில்ல. முறி."

"பொறு மச்சான், டெஸ்ட் இருக்கு."

முந்தியென்றால் முழங்கையை விரலால் அமத்தி நோகுதா என்பான். நெட்டி முறித்தபிறகு திரும்ப அமத்துவான். "ரெண்டாந்தரம் மெல்லமா அமத்துறாய், கள்ளா" என்று ஸமீம் நானா பிடித்துவிட்டார். அதனால் இப்போது கழுத்துத்துணியைப் பிடிக்கிற கிளிப்பைக் காதில் மாட்டி எண்ணுகிறான். கிளிப் கள்ளம் செய்யாதாம்.

ஒன்பது எண்ணுவதற்குள் கத்தினேன். கழற்றினான். பிறகு நாடியையும் பிடரியையும் பிடித்துத் தலையைத் திருப்பினான். 'டக்'. நான் மாதாவைக் கூப்பிட்டேன். மறுபடி கிளிப். நாற்பது எண்ணியும் சும்மா இருந்தேன்.

"பாத்தியா? கழுத்தில முறிச்சா காதிலயும் நோ குறையுது. ஏனெண்டு கேக்காத, எனக்கும் தெரியாது."

கழுத்தும் திரும்பியது! அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடினேன். வழியில் கண்டவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தாத்தா ஆனதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்தா பார், மகள்!" என்று இடப்பக்கம் திரும்பிக் காட்டினேன். வலது காது அவளுக்கு முன்னால் வந்தது.

"காதில என்னப்பா?"

கிளிப்.

"காதில கிளிப் கடிக்கிறதே தெரியாத ஆளிட்டயா பிள்ளையைத் தாறது?"

அந்த நேரம் பார்த்து வாசலில் கிளைவ், மூச்சு வாங்கிக்கொண்டு. கடையில் இருப்பது ஒரே கிளிப். ஒருவரைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறான். கதையைக் கேட்டான். கிளிப்பைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டான். லவினா சிரித்துக்கொண்டே ராசாத்தியைத் தூக்கி என் கையில் வைத்தாள் என்றால், அப்போது அவன் சொன்னதுதான் காரணம்:

"மகள், உங்கட அப்பா இந்தக் கிளிப்போட கொட்டாஞ்சேனை முழுக்க நடந்து வந்த மனுஷன். பிள்ளை தலைமயிரைப் பிடிச்சு இழுத்தாலும் கையை விடமாட்டார். பயப்பிடாமக் குடுங்க."