மூத்த வழிகாட்டியின் முதல் கேள்வி

குழாய், வாஷ்பேசின் என்று குளியலறைச் சாமான் விற்கும் கடையில் அவர் மேற்பார்வையாளர். ஒருவர் குழாயைத் திருகிப் பார்க்கும் விதத்தை வைத்தே, வாங்க வந்தவரா, வெயிலுக்கு ஒதுங்கியவரா என்று சொல்லிவிடுவார். இந்தத் திறமையோடு அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம். மனைவியின் தம்பி விடவில்லை. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் அந்த மச்சான், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "அத்தான், வெப் புரோகிராமிங்லாம் இப்ப யார் வேணா கத்துக்கலாம்" என்றான். சற்று யோசித்து, "நீங்க வேணாம்" என்று சேர்த்துக்கொண்டான்.

அன்றே அவர் இணையத்தில் ஒரு குழுவில் சேர்ந்தார். வலைப்பக்கம் உருவாக்கக் கற்றுக்கொள்ளும் புதியவர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் தீர்த்துக்கொள்ளும் குழு அது. சொந்தப் பெயர் வேண்டாம், புனைபெயர் போதும். மற்றவர்கள் பென்சில், தூக்கம், மழைக்கோட்டு என்றெல்லாம் வைத்திருந்தார்கள். இவர் வலைவேந்தன் என்று வைத்துக்கொண்டார்.

முதல் பாடத்தில் 'வணக்கம்' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் சிவப்பாக வரவழைத்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பள்ளி ஆசிரியையான அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த பேனாவோடு வந்து எட்டிப் பார்த்து, "கடைசி எழுத்துக்குப் புள்ளி எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இரண்டாம் பாடத்தில் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அவருடைய இரண்டாவது பெட்டி, எத்தனை முறை தூக்கி வைத்தாலும், முதல் பெட்டிக்குக் கீழே போய் விழுந்தது. வலைவேந்தனின் படிப்பு அதோடு முடிந்தது.

படிப்புதான் முடிந்தது, பதவி அப்போதுதான் தொடங்கியது. எழுத்தைச் சிவப்பாக்குவது எப்படி என்று ஒரு புதியவர் குழுவில் கேட்டார். உலகத்தில் இவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் அது. பதில் எழுதினார். நாலைந்து பேர் இதயக்குறி போட்டார்கள். அடுத்தவர் கேட்டது இவருக்குச் சுத்தமாகப் புரியவில்லை. ருசி கண்டுவிட்ட கை சும்மா இருக்குமா? "தேடிப் பார்த்துட்டுத்தான் இங்க வந்து கேக்குறீங்களா?" என்று எழுதினார். முந்தைய பதிலுக்கு வந்ததைவிட நாலு மடங்கு இதயங்கள் வந்து குவிந்தன.

தொழில் பிடிபட்டுவிட்டது. ஒருவரை, "முதல்ல அடிப்படையை ஒழுங்காப் படிங்க" என்று அனுப்பிவைப்பார். இன்னொருவரிடம், "கோடிங்கை முழுசாப் போடாம நான் என்ன ஜோசியமா சொல்ல முடியும்?" என்று சீறுவார். அந்த ஆள் பதறிப்போய் தான் எழுதியதை எல்லாம் எடுத்துப் போடுவதற்குள் வேறு யாராவது சரியான பதிலைச் சொல்லியிருப்பார்கள். இவர் அதற்குக் கீழே, "அதேதான்" என்று ஒரு சொல் எழுதி முத்திரை வைப்பார். பாதிப் பேர் அழாத குறையாக ஓடிப்போனார்கள். மீதிப் பேர் சீடர்களானார்கள். தீப்பொறி என்று ஒரு சீடன், வேந்தன் அண்ணா திட்டினால்தான் பாடம் மண்டையில் ஏறுகிறது என்று எழுதினான். யாரும் முகம் பார்த்திராத குழு நிர்வாகி, இவருக்கு 'மூத்த வழிகாட்டி' என்ற பட்டத்தைக் கொடுத்து, பெயருக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம் ஒன்றையும் ஒட்டினார்.

நட்சத்திரத்தைக் கடைக்கு எடுத்துப்போகாமல் இருந்திருக்கலாம். கைப்பேசியை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நட்சத்திரத்தை நன்றாகப் பார்த்தார்.

"நம்ம கிட்டயே இப்படி ஒரு ஆளை வச்சுக்கிட்டு நான் வெளிய அலைஞ்சிட்டிருக்கேனே! புதுக் கிளை திறக்குறதுக்குள்ள கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுடுங்க. பெருசா ஒண்ணும் வேணாம். குழாய் படம் ஒரு பக்கம், விவரம் ஒரு பக்கம். போன்லயும் நல்லாத் தெரியணும்."

"அதுக்கென்ன சார், செஞ்சிடலாம்" என்ற குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக் கணினி முன் உட்கார்ந்தார். படம் ஒரு பெட்டி, விவரம் ஒரு பெட்டி. விவரப் பெட்டி, சொல்லி வைத்தாற்போல, கீழே போய் விழுந்தது. இழுத்தார், சுருக்கினார், கெஞ்சினார். அது விழுந்த இடத்திலேயே சுகமாகக் கிடந்தது. யாரிடமாவது கேட்டால் ஒரு நிமிட வேலை. ஆனால் மூத்த வழிகாட்டி, இரண்டாம் பாடத்துக் கேள்வியை எந்த முகத்தோடு கேட்பது?

அதனால் கணினியில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கினார். பெயர் கத்துக்குட்டி. "ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம். நான் புதுசு. தப்பா இருந்தா மன்னிக்கணும்" என்று கைகட்டி நின்று தொடங்கி, கடைக்கு வெப்சைட் போடுவதாகச் சொல்லிச் சந்தேகத்தைக் கேட்டு, தான் எழுதிய கோடிங்கையும் முழுசாகப் போட்டார்.

முதல் பதில் தீப்பொறியிடமிருந்து வந்தது. "தேடிப் பார்த்துட்டுத்தான் கேக்குறீங்களா?" அடுத்தவர், அடிப்படையைப் படிக்கச் சொன்னார். மூன்றாமவர், "வேந்தன் அண்ணா கண்ணுல படாம ஓடிடுங்க, நல்லதுக்குச் சொல்றேன்" என்றார். உடனே தீப்பொறி, "அண்ணா, இங்க வந்து இந்த ஆளைக் கொஞ்சம் கவனிங்க" என்று வலைவேந்தனையே அழைத்துவிட்டான். பக்கத்தில் கிடந்த கைப்பேசி டிங் என்றது.

வராமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள். கைப்பேசியை எடுத்து, வலைவேந்தனாக எழுதத் தொடங்கினார். "ஒரு பெட்டியை நிறுத்தத் தெரியல, அதுக்குள்ள கடைக்கு வெப்சைட்டா? இந்த அவசரம் இருக்கிறவங்களுக்கு எல்லாம் இது சரிப்படாது." எழுதும்போது வழக்கமான சுகம் விரலில் ஓடியது. அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், அதே வரி கணினித் திரையில் கத்துக்குட்டிக்கு வந்து நின்றது. படித்ததும் காது சூடாகிவிட்டது. இதயங்கள் வேறு வரிசையாக விழுந்துகொண்டிருந்தன.

"என்னங்க, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு? யார் கூடச் சண்டை?" என்று கேட்டாள் மனைவி.

"ஒரு ஆள் ரொம்பக் கேவலமாப் பேசிட்டான்."

"யாரு?"

அவர் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "தெரிஞ்சவன்தான்" என்றார்.

அவள் நின்று இரண்டு திரைகளையும் படித்தாள். பிறகு விடைத்தாள் கட்டோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். சிரிப்பது சுவர் தாண்டிக் கேட்டது.

சாயங்காலம் வாக்கில் பென்சில் என்பவள் பதில் போட்டாள். கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், அவளும் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவள்தான். "ரெண்டு பெட்டிக்கும் சரிபாதி அகலம் கொடுத்திருக்கீங்க. அதுக்கு மேல ஓரத்துல கோடும் போட்டு, உள்ள இடைவெளியும் விட்டிருக்கீங்க. எல்லாம் சேர்ந்தா பாதியைத் தாண்டிடுது. ரெண்டாவதுக்கு இடம் பத்தாம கீழ போயிடுது. கோடு, இடைவெளி எல்லாத்தையும் அந்தப் பாதிக்குள்ளயே அடக்கிக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தா போதும்." அந்த வரியையும் எழுதியிருந்தாள். "நானும் போன மாசம் இதையே கேட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்று முடித்திருந்தாள். யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்பது அவருக்கு நினைவிருந்தது.

வரியைச் சேர்த்தார். விவரப் பெட்டி எழுந்து வந்து படத்துக்குப் பக்கத்தில் சமர்த்தாக நின்றது. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். சந்தோஷத்தில் கைக்கு எட்டியதை எடுத்து, "வேலை செய்யுதுங்க! கோடி நன்றி! நாள் பூரா உயிரை வாங்கிடுச்சு!" என்று எழுதி அனுப்பினார்.

கைக்கு எட்டியது கைப்பேசி. தங்க நட்சத்திரத்தோடு வலைவேந்தன் நன்றி சொல்லியிருந்தார்.

தீப்பொறி மெதுவாக, "அண்ணா, நீங்க எதுக்கு நன்றி சொல்றீங்க?" என்று கேட்டான். ஒருவர் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டார். அது ஒட்டுவாரொட்டி போலப் பரவியது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. உண்மையைச் சொல்லலாமா என்ற எண்ணம் ஒரு கணம் வரத்தான் செய்தது. வந்த வழியே போய்விட்டது. "என் கணக்கை யாரோ திருடிட்டாங்க. ஜாக்கிரதை" என்று எழுதினார்.

சிரித்தவர்கள் பாதி நம்பினார்கள், பாதி நம்பாமல் இன்னும் சிரித்தார்கள். நிர்வாகி மட்டும் முழுசாக நம்பினார். மூத்த வழிகாட்டியின் கணக்குக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களின் நிலைமை என்ன என்று கவலைப்பட்டு, கடவுச்சொல்லைப் பாதுகாப்பது எப்படி என்று வலைவேந்தன் விரைவில் வகுப்பு எடுப்பார் என அறிவித்தார்.

சற்று நேரத்தில் பென்சில் தனிச்செய்தி அனுப்பினாள். "கணக்கு திரும்பக் கிடைச்சிடுச்சா சார்? நீங்க போட்ட கோடிங்ல, போன்ல படம் இழுத்த மாதிரி தெரியுமே, அதைச் சரி பண்ணிட்டீங்களா?"

வெகுநேரம் எழுதி எழுதி அழித்தார். கடைசியில், "இன்னும் இல்லைங்க. குழாய் எல்லாம் பாம்பு மாதிரி நீளுது" என்று அனுப்பினார். அவள் சொல்லிக்கொடுத்தாள். ஒரு குத்தல் வார்த்தை இல்லை. அதுதான் அவரைப் படுத்தியது. இரண்டு திட்டு திட்டியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும்.

கிளை திறப்பு விழாவில் முதலாளி வலைப்பக்கத்தைப் பெரிய திரையில் காட்டினார். தன் படம் சின்னதாக இருப்பதைத் தவிர அவருக்குக் குறை ஒன்றுமில்லை. மச்சான் தன் கைப்பேசியில் அதை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "யார் கிட்ட கொடுத்துப் பண்ணீங்க அத்தான்?" என்றான்.

"நானேதான்" என்றார் அவர். பக்கத்தில் நின்ற மனைவி இருமினாள். "கொஞ்சம் உதவியோட" என்று சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் குழுவில் ஒருவர், தன் இரண்டாவது பெட்டி கீழே விழுவதாக எழுதினார். வலைவேந்தன் காரணத்தையும் அந்த ஒரு வரியையும் எழுதினார். ஒரு இதயம்கூட விழவில்லை. அண்ணாவுக்கு உடம்பு சரியில்லையா என்று தீப்பொறி விசாரித்தான். கேட்ட ஆளோ, நன்றி என்ற பேச்சே இல்லாமல், "இது சரி, மெனு ஏன் திறக்க மாட்டேங்குது?" என்று அடுத்ததற்குப் போய்விட்டார்.

திட்டுவதற்கு விரல் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்கும் தெரியல" என்று எழுதினார். நட்சத்திரத்தை மட்டும் அவர் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.