அப்பாவை ஊதச் சொன்னவர்கள்

என் அப்பாவை நாலு பேர் நடுவில் நிறுத்தி "எங்க, ஊது" என்று கேட்டவர்கள் மேல் எனக்கிருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. போலீஸ்காரர்கள் கேட்டிருந்தால்கூடத் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். இவர்கள் அப்பாவோடு ஒரே ஸ்டாண்டில் ஜீப் ஓட்டியவர்கள். எங்கள் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் தின்றவர்கள். தின்ற வாயால்தான் அப்படிக் கேட்டார்கள்.

கேரளத்தில் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். அப்பா எஸ்டேட்டிலிருந்து டவுனுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டினார். அங்கே ஜீப்புகளின் நெற்றியில் சாமி பேர் எழுதியிருக்கும். நாளடைவில் அதுவே டிரைவருக்கும் பேராகிவிடும். ஸ்டாண்டில் மூத்தவர் ஓட்டிய வண்டி மாதா, அதனால் அவர் எங்களுக்கு மாதா மாமா. முறுக்கு மீசையை வைத்துக்கொண்டு அந்தப் பேரையும் சுமந்து திரிந்த அவர்தான் என் முதல் எதிரி.

அப்பாவுக்கு விடிந்தால் பீடி, வளைவு வந்தால் பீடி, வண்டி மக்கர் செய்தால் இரண்டு பீடி. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டால் மட்டும் தொட மாட்டார். அந்த நாட்களில் ஊரே அவரைச் சாமி என்று கூப்பிடும். ஒருத்தரும் அவர் பக்கம் பீடியை நீட்ட மாட்டார்கள். மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றியதும் முதல் காரியமாக ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, அப்புறம்தான் அரவணைப் பாயச டப்பாவை எங்களிடம் கொடுப்பார்.

தம்பி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். அவனுக்கு வீசிங். மூட்டம் இறங்கினால் போதும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும், உதடு நீலம் பூக்கும். ஆஸ்பத்திரி டாக்டரம்மா அப்பாவை நேராகப் பார்த்து, புகை வேண்டவே வேண்டாம், சட்டையில் ஒட்டிக்கொண்டு வருவதுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியிலேயே அப்பா பீடியை விட்டுவிட்டதாக அறிவித்தார். அது ஆடி மாதம். கார்த்திகைக்கு எவ்வளவோ நாள் கிடந்தது.

"இந்தத் தடவ எந்தச் சாமிக்கு மாலையாம்?" என்றாள் அம்மா.

அதற்கப்புறம்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. தினமும் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்கு அப்பாவின் ஜீப்பில்தான் போவேன். முன் சீட்டு என் சீட்டு. வண்டி ஸ்டாண்டில் நின்றதும் மாதா மாமா தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, போலீஸ் ஏட்டு மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, அப்பாவின் வாய்க்கு நேரே மூக்கை நீட்டுவார். "ஒந்நு ஊதிக்கே" என்று மலையாளத்தில் அதட்டுவார். குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடித்துக் கேட்கிற அதே அதட்டல். என் அப்பா, மலைப்பாதையில் லாரிக்காரனுக்கே வழிவிடாத என் அப்பா, கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுவார். மாமா கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டு "பாஸ்!" என்பார். உடனே மற்ற டிரைவர்கள் எங்கள் பானெட்டில் டமடமவென்று தட்டுவார்கள். அப்பா வாயில் ஒரு இஞ்சி மிட்டாயைப் போடுவார்கள். எனக்கு ஒன்று வேண்டுமா என்று ஒரு பயலும் கேட்டதில்லை.

பின் சீட்டில் என் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். விடுவார்களா? இடைவேளையில் ஒருத்தி மூக்கை நீட்டிக்கொண்டு வந்து "எங்கடி, ஊது" என்றாள். அவள் சடையைப் பிடித்து இழுத்ததற்கு டீச்சரிடம் அடி வாங்கியது நான்தான்.

அம்மாவிடம் முறையிட்டேன். அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். "ஊதச் சொன்னாங்களா உங்கப்பன? நல்லா ஊதட்டும்" என்றாள். இதுவா ஒரு பெண்டாட்டி பேசுகிற பேச்சு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவிடமே கேட்டேன். முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே, எதற்கு ஊதுகிறீர்கள் என்று. "அவங்க சும்மா வெளையாட்டுக்குப் பண்றாங்க பாப்பா" என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே. மானரோஷம் இருக்கிற யாராவது எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தால் அது நான் ஒருத்திதான் என்று தெரிந்துபோயிற்று.

மறுநாள் மாதா மாமாவிடம் நேரடியாகவே கேட்டுவிட்டேன். "எங்கப்பா என்ன குடிகாரரா?"

அவர் சிரிக்கவில்லை. "இல்ல தாயி. குடிகாரனா இருந்தா நாங்க எதுக்கு இவ்வளவு பாடுபடப் போறோம்?" என்றார். கேட்ட கேள்விக்கும் இந்தப் பதிலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது எனக்கு விளக்க வேண்டும்.

அதனால் நானே ஒரு முடிவெடுத்தேன். இனி ஜீப்பில் ஏறுவதில்லை. மகள் பக்கத்தில் இருந்து பார்ப்பதால்தானே அது அவமானம்? பார்க்க நான் இல்லாவிட்டால் பாதி அவமானம் போச்சு. மறுநாளிலிருந்து தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் நடந்து போனேன். அப்பா வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏறு பாப்பா. அப்பாவுக்காக ஏறு" என்று கெஞ்சினார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆடி மழையில் அந்தப் பாதை முழுக்க அட்டை. காலில் ரத்தம் வழிய வகுப்பில் போய் உட்காருவேன். அப்பாவின் மானத்துக்காகச் சிந்திய ரத்தம் என்று எனக்குள் அப்படி ஒரு பெருமை.

ஒரு வாரம் போயிருக்கும். சாயங்காலம் அப்பா வந்து தம்பியைத் தூக்கினார். தம்பி மூக்கைச் சுளித்துத் தும்மினான். அப்பாவின் ஸ்வெட்டரிலிருந்து எனக்கும் அந்தப் பீடி வாடை வந்தது. "வண்டியில ஏறுன ஆளு எவனோ குடிச்சுத் தொலைச்சான்" என்றார் அப்பா, நாங்கள் யாரும் கேட்காமலே. அம்மா தம்பியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அப்பா அதற்கப்புறம் ஸ்டாண்டில் நிற்காமலே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார் போல. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், மாதா மாமா சர்ச்சில் பூசைக்குப் போன வெள்ளை வேட்டியோடு, இன்னும் மூன்று டிரைவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் லயத்து வாசலில் நிற்கிறார். ஸ்டாண்டில் அசிங்கப்படுத்தியது போதாதென்று வீடு தேடி வந்துவிட்டார்களே! நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"எங்கப்பா ஊத மாட்டாரு. போங்க எல்லாரும்."

"ஊதச் சொல்ல வரல தாயி" என்றார் மாமா. "ஒன்னத்தான் பாக்க வந்தோம். நாளையிலருந்து நீ பழையபடி முன் சீட்டுல ஒக்காரணும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆள் பார்க்காவிட்டால் கேலி ருசிப்பதில்லை. அதற்கு என்னையே வந்து கூப்பிடுகிறார்கள் என்றால் எவ்வளவு நெஞ்சழுத்தம்! இதற்குள் அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மாமா அவரைத் திட்டவில்லை. தோளில் கையைப் போட்டு, "விடு மாப்ள. நானும் விழுந்து எந்திரிச்சவன்தான். திரும்ப மொதல்லருந்து ஆரம்பி, அவ்வளவுதான்" என்றார். அப்பா அவருக்குத் தலையாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் நான் என்ன செய்ய? மறுநாள் ஏறித் தொலைத்தேன்.

ஏறினேனே தவிர, ஸ்டாண்டு வந்ததும் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். மாதா மாமா வந்து மூக்கை நீட்டினார். அப்பா ஊதவில்லை. பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்தன.

"பாப்பா, இங்க பாரு" என்றார் அப்பா.

இது வேறயா! வெடுக்கென்று திரும்பி அவரை முறைத்தேன். என் முறைப்பைப் பார்த்தபடியே கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார். "பாஸ்!" பானெட் அதிர்ந்தது. அவமானம் தாங்காமல் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மன்னிப்பை நான் கொடுக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் முடிகிற வரை தினமும் அவரைப் பார்த்து முறைத்தேன். தினமும் அவர் என்னைப் பார்த்து ஊதினார்.

தம்பி இப்போது டவுன் டீமில் கால்பந்து ஆடுகிறான். அப்பா அதற்கப்புறம் பீடியைத் தொடவில்லை. போன லீவுக்கு ஊருக்குப் போனபோது ஸ்டாண்டில் மாதா மாமாவைப் பார்த்தேன். மீசை நரைத்திருந்தது. பழைய கோபம் சும்மா இருக்குமா? எங்கள் அப்பாவை நீங்கள் படுத்திய பாடு இருக்கிறதே என்று ஆரம்பித்தேன்.

"அடி கிறுக்கி, நாங்க எங்க படுத்துனோம்? உங்கப்பன்தான் வந்து கேட்டான்" என்றார். "என்ன சொன்னான் தெரியுமா? மாலை போட்டா எல்லாக் கண்ணும் எம்மேல இருக்கு, கை பீடிக்குப் போக மாட்டேங்குது. மாலை இல்லாம என்னால ஆகாது. எம்மக முன்னாடி வச்சு ஊதச் சொல்லுங்க. உங்ககிட்டன்னா பொய் சொல்லிருவேன், அவ பாத்துக்கிட்டிருந்தா முடியாதுன்னான்."

"நான் பாக்கலயே மாமா. முறைச்சேன்."

"முறைச்சாலும் பாத்தேல்ல?" என்று சொல்லிவிட்டு ஒரு இஞ்சி மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தார்.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இப்போது அது அப்பா மேல். ஊரில் இருக்கிற டிரைவர்களிடமெல்லாம் சொல்லத் தெரிந்தவருக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே. சொல்லியிருந்தால் அந்த ஒரு வாரம் நான் நடந்து போயிருக்க மாட்டேனே.