செம்மண் கட்டிய மொச்சை

மதுரை ஜில்லா கஜானாவுக்குப் பூட்டும் துப்பாக்கிச் சிப்பாயும் வேண்டியிருக்கிறது. ஜெயமங்கலத்தில் என் அத்தை சோணையம்மாள் வீட்டு மொச்சைக்கு ஒன்றும் வேண்டாம். உலகம் அழிந்தாலும் மிஞ்சப்போவது மேற்கு மலையும் அத்தையின் மொச்சையும்தான். மலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

அத்தையின் புருஷன் வீரணன் மாமா குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார். வருஷத்தில் இரண்டு தடவை இறங்கி வருவார். வீட்டில் அத்தையும் இரண்டு பிள்ளைகளும். மாசி மாதச் சந்தையில் ஒரு மூடை மொச்சை வாங்கினால் அடுத்த தை வரை அதுதான் குழம்பு, அதுதான் சுண்டல். அது உலக யுத்தக் காலம். அரிசி கிடைக்காத நாளில் அதுதான் சோறும்.

சந்தையில் அத்தை ஒரு மொச்சையைக் கடித்துப் பார்ப்பாள். பல் பதிந்தால் ஈரம் என்று நகர்ந்துவிடுவாள். தெறித்து உடைந்தால்தான் வாங்குவாள். வியாபாரி பால்பாண்டி அவளைக் கண்டதும் எல்லாச் சாக்கையும் அவிழ்த்துவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் மலையடிவாரத்துச் செம்மண்ணைக் கரைத்து மொச்சையில் பிசறுவாள். காய்ந்தால் ஒவ்வொன்றும் சட்டை போட்டதுபோல் இருக்கும். வண்டு துளைக்காது. பிறகு ஆள் உயர மண் குலுக்கையில் மேல்வாய் வழியே கொட்டிப் பலகையால் மூடுவாள். எடுப்பது அடியில் இருக்கும் துளை வழியாக. நாளைக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

வண்டே விழாது என்கிற அந்தப் பெருமை எனக்குப் பொறுக்கவில்லை. சித்திரையில் ஒரு நாள், எங்கள் வீட்டு அரிசிப் பானையிலிருந்து இரண்டு வண்டைப் பிடித்துக்கொண்டுபோய் அவள் மொச்சை எடுத்து வைத்திருந்த முறத்தில் போட்டேன்.

வண்டைப் பார்த்த அத்தை குலுக்கை முழுவதையும் காலி செய்து களத்தில் காயப்போட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போனாள். கோழி விரட்ட என்னைத்தான் உட்காரவைத்தாள். மத்தியானம் கோடை மழை வந்தது. அவள் ஓடி வருவதற்குள் நான் அள்ளியது பாதிகூட இல்லை. மீதியெல்லாம் செம்மண் கரைந்து ஊறிப்போனது. ஊறியதை அவித்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். எங்கள் வீட்டுக்கும் வந்தது. உப்பு சரியாக இருந்தது.

மறுநாள் அவள் பிள்ளைகளிடம் இனிமேல் அரைக் கைப்பிடிதான் என்று சொன்னது என் காதில் விழுந்தது. அப்படிப் போட்டாலும் கார்த்திகையைத் தாண்டாது என்பது ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே தெரிந்தது.

அதன்பிறகு வெள்ளிக்கிழமை தோறும், அத்தை வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து, எங்கள் வீட்டு மொச்சையில் அரைப்படியை எடுத்து, மண் பிசறிக் காயவைத்து, குலுக்கையின் மேல்வாயில் போட்டுவந்தேன். எங்கள் அம்மா எலி என்று நினைத்து இரண்டு பொறி வைத்தாள். மார்கழி பிறந்த வாரம் அதில் ஒன்றில் என் விரல் மாட்டியது.

மேலே போட்டது கடைசியில் கீழே வந்துதானே ஆக வேண்டும்? அதை நான் யோசிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அத்தை கூப்பிட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய் நின்றேன். முறத்தில் இரண்டு குவியல். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

"அடியே சுருளி, இங்கன வா. இது எந்த ஊரு மண்ணுடி?"

செம்மண்தான், நாள்பட்டால் கறுக்கும் என்றேன்.

அத்தை ஒரு கறுப்பு மொச்சையை விரலில் வைத்துத் தேய்த்தாள். மண் உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"ஒங்க மாட்டுக் கொட்டத்து மண்ணு. சாணி வாடை அடிக்குது."

நான் கூரையைப் பார்த்தேன்.

"அன்னைக்கு மொறத்துல கெடந்ததும் ஒங்க வீட்டு வண்டுதான். மூக்கு நீண்டிருந்தா அரிசி வண்டு. மொச்சை வண்டு உருண்டையா இருக்கும். நனைஞ்சத வாரும்போதுதான் பாத்தேன், ஒண்ணுலயும் ஓட்டையில்ல."

"அப்ப ஏன் அத்தை அன்னைக்கே கேக்கல?"

"கேட்டிருந்தா ஏச்சு வாங்கிட்டுப் போயிருப்ப. மொச்சை வந்திருக்குமா?"

செம்மண் கூடையை என் பக்கம் தள்ளினாள். தையில் மாமா வந்துவிடுவார், அதுவரைக்கும் இது காணும், இனிமேல் கொண்டுவருவதாக இருந்தால் இந்த மண்ணில் பிசறிக் கொண்டுவா என்றாள். நான் ஒற்றைக் கையால் கூடையைத் தூக்கப் பார்த்தேன்.

"மொதல்ல பின்னால ஒளிச்சு வச்சிருக்கிற கைய நீட்டு," என்றாள் அத்தை. "ஒங்கம்மா வச்ச எலிப்பொறித் துரு புண்ணுக்கு ஆகாது."